புழுக்கத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள்: வானிலை முன்னறிவிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வானிலை முன்னறிவிப்பாளர்களுக்கு வணக்கம்.

நாளை எத்தனை டிகிரி என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் பலித்துவிடுகிறது. அதில் குறைகாண வரவில்லை. ஆனால் கோடையில் '35 டிகிரி' என்ற அறிவிப்பு முற்றிலும் வேறுபட்ட இரண்டு நாட்களுக்குப் பொருந்துகிறது. ஒரு நாளில் நிழலுக்கு வந்ததும் வியர்வை காய்ந்துவிடும். இன்னொரு நாளில் நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நாளை வரப்போவது எது என்பது உங்கள் அறிவிப்பிலிருந்து புரிவதில்லை.

"ஈரப்பதத்தையும் வெளியிடுகிறோமே" என்பீர்கள். அந்தச் சதவீதம்தான் எங்களைக் குழப்புகிறது. விடியலில் 27 டிகிரி, ஈரப்பதம் 89 சதவீதம். பிற்பகலில் 35 டிகிரி, 56 சதவீதம். இதைப் பார்ப்பவர் மதியத்துக்குள் காற்று உலர்ந்துவிட்டது என்றே நினைப்பார். உண்மையில் இரு வேளையிலும் காற்றிலுள்ள நீராவி ஏறத்தாழ ஒரே அளவுதான். சூடு ஏறும்போது நீராவி தங்குவதற்கான உச்சவரம்பும் ஏறுகிறது. அதனால் சதவீதம் இறங்குகிறது. இந்த இரு வேளைக்கும் பனிநிலை 25 டிகிரி. அந்தக் காற்றை 25 டிகிரி வரை குளிர்வித்தால் நீர் துளிர்க்கத் தொடங்கும் என்று பொருள். அதைச் சொல்லியிருந்தால் குழப்பமே இல்லை.

பனிநிலை 15 ஆக இருக்கும் நாளில் அதே 35 டிகிரிக்கு ஈரப்பதம் 30 சதவீதம்தான் வரும். ஆய்வாளர் ஸ்டெட்மன் 1979-இல் வெளியிட்ட ஆய்வை அடியொற்றி, சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து உடல் உணர்வதைக் காட்டும் எண்தான் வெப்பக் குறியீடு. அதில் அந்த நாள் 35-ஐ ஒட்டியே நிற்கும். பனிநிலை 25 உள்ள நாளோ 43-ஐ எட்டிவிடும். ஆனாலும் உங்கள் தலைப்பில் இரண்டு நாட்களுக்கும் ஒரே எண்.

ஒப்பு ஈரப்பதம் எனப்படும் அந்தச் சதவீதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. துவைத்த துணி காய்வதும், மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போவதும் அதைப் பொறுத்தவை. சமையல் உப்பு கசியத் தொடங்குவது ஏறத்தாழ 75 சதவீதத்தில். ஆனால் இவையெல்லாம் சுற்றியுள்ள காற்றின் சூட்டிலேயே இருக்கும் பொருட்கள். மனிதத் தோல் அப்படியல்ல. வெக்கையில் அது 35 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதன் மேலுள்ள வியர்வை ஆவியாகுமா என்பதைக் காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. பனிநிலை காட்டுவது அந்த அளவைத்தான்.

செயலிகள் காட்டும் 'உணரும் வெப்பநிலை' இதற்கு ஈடாகாது. எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டார்கள் என்று பலவும் சொல்வதில்லை. வெப்பக் குறியீடு நிழலில் இருப்பவருக்கானது. நேரடி வெயிலில் 8 டிகிரி வரை கூடலாம் என்ற அடிக்குறிப்பு யார் கண்ணில் படுகிறது?

இரவைப் பற்றி நீங்கள் பேசுவது அதைவிடக் குறைவு. தெளிந்த வானமாக இருந்தாலும், காற்று பனிநிலையை நெருங்கும்போது நீராவி நீராக மாறி, தன்னுள் இருந்த மறைவெப்பத்தை வெளிவிடுகிறது. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களையும் நீராவி உறிஞ்சி, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே மாலையில் பனிநிலை 26 என்றால், வேறு காற்று வந்து சேராத வரை, விடியும்வரை வெப்பநிலை அதற்குக் கீழே அதிகம் இறங்காது. சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டை வெளிவிடும் வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் இன்றிரவு தூக்கம் இருக்காது என்பதை மாலையிலேயே உங்களால் சொல்ல முடியும். ஏன் சொல்வதில்லை?

இது வெறும் அசௌகரியம் பற்றிய பேச்சும் இல்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் மனித உடல் தாங்காது என்று ஆய்வாளர்கள் ஷெர்வுட்டும் ஹ்யூபரும் 2010-இல் எழுதினார்கள். நலமான இளைஞர்களை வைத்து நடந்து, 2022-இல் வெளியான ஆய்வில், ஈரம் மிகுந்த சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. வெளியில் உழைப்பவர்களுக்கு, வெயிலையும் காற்றையும் சேர்த்துக்கொள்ளும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலையே பொருத்தமானது. அதில் 70 சதவீத எடை ஈரக்குமிழுக்கு, வெறும் 10 சதவீதம்தான் நீங்கள் தலைப்பில் போடும் காற்றின் வெப்பநிலைக்கு. ஜப்பான் 2021 முதல் நாடு முழுவதும் இந்தக் குறியீட்டைக் கொண்டே வெப்ப எச்சரிக்கை விடுகிறது. கணக்கு ஏற்கெனவே உங்கள் கணினிகளில் இருக்கிறது. புதிதாகக் கருவி வாங்கச் சொல்லவில்லை.

அதிகபட்ச வெப்பநிலைக்குப் பக்கத்தில் பனிநிலையைப் போடுங்கள். புழுக்கம் எத்தனை மணிக்குக் கடுமையாகும், எப்போது தணியும் என்பதை மணிவாரியாகச் சொல்லுங்கள். புது எண் மக்களுக்குப் புரியாது என்று தயங்க வேண்டாம். மழை வாய்ப்புச் சதவீதத்தையே பழகிக்கொண்டவர்கள் நாங்கள். படத்தில் இடம் போதவில்லை என்றால், சிரிக்கும் சூரியனை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் அறிவிப்பைப் பார்த்துவிட்டே வெளியே கிளம்பும் ஒருவர்