பழியை ஏழைகளின் தலையில் கட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பயங்கரவாதத்தின் வேர் வறுமையே என்று வாதிட்ட சென்ற வாரக் கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் ஏழைகள் மீது இரக்கம் கொண்டவர் என்பது தெரிகிறது. ஆனால், உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலைக் கண்ட இலங்கையில் அந்த இரக்கம் ஏழைகளைச் சந்தேக நபர்களாக்குவதிலேயே போய் முடியும்.

2019 ஏப்ரல் 21இல் கொழும்பு ஹோட்டல்களில் குண்டுகளை வெடிக்கச் செய்தவர்களில் இருவர், செல்வந்தரான வாசனைப் பொருள் வணிகர் ஒருவரின் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் செப்புத் தொழிற்சாலை நடத்தியவர். இன்னொரு குண்டுதாரி இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படித்துத் திரும்பியவர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் எளிய குடும்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் அவனுடைய திட்டத்துக்குக் கைகொடுத்தது வசதி படைத்தவர்களின் பணம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிரிழந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் போய், வறுமைதான் இதைச் செய்தது என்று யார் சொல்ல முடியும்?

வறுமைக்குப் பங்கே இல்லை என்பதல்ல என் வாதம். ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களிடம் விசாரித்து ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தாமாகச் சேர்ந்தவர்களில் கால்வாசிப் பேர் வேலையின்மையையே முதற்காரணமாகச் சொன்னார்கள். அதே அறிக்கையில், குறிப்பிட்ட ஒரு சம்பவமே தங்களைத் தள்ளியது என்றவர்களில் 71 வீதத்தினர் மனித உரிமை மீறல்களைச் சுட்டினார்கள். தம்பியைப் படையினர் இழுத்துச் சென்ற வீட்டில் தையல் இயந்திரம் கொடுத்துக் கோபத்தை ஆற்ற முடியாது.

கட்டுரை தொடாத பக்கம் ஒன்று உண்டு. பயங்கரவாதம் வறுமையை உண்டாக்கியதை நாம் கண்ணால் கண்டோம். 2018இல் 23 லட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகளின் வருகை அடுத்த ஆண்டு 19 லட்சமாகச் சரிந்தது. அந்தச் சரிவு முதலில் விழுந்தது அறை துப்புரவு செய்யும் பெண்கள், ஓட்டோ சாரதிகள், கடற்கரையில் இளநீர் விற்பவர்கள் ஆகியோரின் அன்றாடச் சம்பாத்தியத்தில்தான். மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்கள் செய்த பாவத்துக்கு வாழ்நாள் உழைப்பைப் பறிகொடுத்தவர்கள் அந்தச் சிறு வியாபாரிகள்.

இந்தப் பொருளில் தொடர்ந்து எழுதுவதானால், கடை இழந்தவர்களுக்கு இழப்பீடு முழுமையாகக் கிடைத்ததா என்று உங்கள் செய்தியாளர்களை அனுப்பி விசாரியுங்கள். 2019 ஏப்ரல் தொடக்கத்திலேயே தாக்குதல் பற்றி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தும் அது ஏன் கிடப்பில் போடப்பட்டது என்பதையும் விடாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு