பாகத்தின் முழுப்பெயரை எழுதுங்கள்: பட்ஜெட் கேமிங் கணினி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி பொருத்தி விற்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

"ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் பவர் சப்ளை." குறைந்த விலை கேமிங் கணினிக்கு நீங்கள் தரும் விளம்பரம் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இதில் பொய்யே இல்லாமல் இருக்கலாம். ஆனால் இதை வைத்துக்கொண்டு வாங்குபவர் எதையும் தீர்மானிக்க முடியாது. பணத்தை எண்ணி எண்ணிச் சேர்த்து வருபவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார். தவறானதை வாங்கிவிட்டால் மாற்றி வாங்க அவர் கையில் மிச்சம் இருக்காது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் பெயரையும் விளம்பரத்திலும் பில்லிலும் எழுதுங்கள்.

பிராசஸரிலிருந்தே தொடங்கலாம். இன்டெல் 2011-இல் வெளியிட்ட ஐ7-2600-உம் ஐ7தான், 2021-இல் வந்த ஐ7-12700கே-உம் ஐ7தான். முதலாவதில் 4 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), 8 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய பணிகள்), பழைய தலைமுறை டிடிஆர்3 ரேம். சில புதிய விளையாட்டுகள் கேட்கும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் கிடையாது. விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவும் இல்லை. அதே 4 கோர், 8 த்ரெட் கொண்ட ஐ3-12100எஃப் விளையாட்டுகளில் அந்தப் பழைய ஐ7-ஐ வெகுதூரம் பின்தள்ளிவிடும். 'ஐ7' என்று மட்டும் எழுதும்போது, வாங்குபவர் நல்ல ஐ3-ஐ விட்டுவிட்டுப் பழையதை எடுக்க நீங்களே வழிசெய்கிறீர்கள்.

கடைசி எழுத்தையும் விடாமல் எழுத வேண்டும். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. கார்டு பழுதானால் திரையில் எதுவும் வராது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டுமே 6 கோர், 12 த்ரெட். ஆனால் 5500-இல் எல்3 கேச் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. கார்டும் பிராசஸரும் தரவு பரிமாறும் பாதையான பிசிஐஇ-யில் 5500 3.0 பதிப்போடு நின்றுவிடுகிறது; 5600-இல் 4.0 உண்டு.

இந்தக் கடைசி வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் இருப்பது 4 ஜிபி நினைவகமும் வெறும் 4 பிசிஐஇ லேன்களும் (தரவுத் தடங்கள்). பிசிஐஇ 4.0-இல் அந்த நான்கு லேன்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி கடத்தும், 3.0-இல் 4 ஜிபிதான். விளையாட்டு கார்டின் 4 ஜிபியையும் நிரப்பிவிட்டால், மீதித் தரவு ரேமிலிருந்து இந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் வந்து போக வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படச்சட்டங்கள்) பார்க்க நன்றாக இருக்கும், திரை மட்டும் நொடிக்கொரு தரம் திக்கித் திக்கி நிற்கும். 5500-ஐயும் இந்தக் கார்டையும் ஒரே பெட்டியில் போடுவது, அல்லது பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள ஏ520 மதர்போர்டில் இதைப் போடுவது, பட்ஜெட் கணினியில் செய்யக்கூடாத சேர்க்கைகளில் ஒன்று. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 8 லேன், 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 எடுப்பது எவ்வளவோ மேல்.

பெயர் ஒன்று, பொருள் வேறு என்ற சிக்கல் கிராபிக்ஸ் கார்டில்தான் உச்சம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டு இருக்கிறது: 2560 கூடா கோர்கள் (கார்டின் கணக்கிடும் அலகுகள்), 128 பிட் பஸ் (நினைவகப் பாதையின் அகலம்), 130 வாட். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் அதே பெயரில் இருக்கிறது: 2304 கோர்கள், 96 பிட், 70 வாட். நினைவகம் மட்டும் 2 ஜிபி குறைவு என்று வாங்குபவர் எண்ணிக்கொள்வார். வேகமும் குறைவு என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. (தனி மின்கேபிள் தர முடியாத பழைய பெட்டிக்கு இந்த 6 ஜிபி கார்டு அருமையான தேர்வு. அதைச் சொல்லியே விற்கலாமே.) ஆர்எக்ஸ் 580-இல் '2048எஸ்பி' என்ற வால் ஒட்டியிருந்தால், வழக்கமான 2304-க்குப் பதில் 2048 கோர்கள்தான். ஜிடி 1030-இன் கதை இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 பதிப்பின் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 பதிப்புக்கு 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கைக்கொஞ்சம் தாண்டும் வேகம்தான், பெட்டியின் மேல் எண் அதேதான். நினைவகத்தின் அளவு, வகை, பஸ் அகலம் மூன்றையும் கார்டின் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் (மைனிங்) ஓடிய கார்டு என்றால் அதையும் எழுதுங்கள். பழைய கார்டு வாங்குவது குற்றமல்ல, பழையது என்று தெரியாமல் வாங்க வைப்பதுதான் தவறு.

பவர் சப்ளையைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். எங்கே மிச்சம் பிடிக்கக்கூடாதோ அங்கேதான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12வி (12 வோல்ட்) என்ற கட்டத்தைப் பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அங்கிருந்துதான் உண்கின்றன. அதில் 25 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 25 = 300 வாட். மேலே '500 வாட்' என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும், கேமிங் கணினிக்கு அது 300 வாட் பெட்டிதான். 80 பிளஸ் முத்திரையும் இதற்கு ஈடாகாது; அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு, உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் தரத்துக்கோ பாதுகாப்புச் சுற்றுகளுக்கோ சான்றிதழ் அல்ல. ரைசன் 5 5600-உம் 132 வாட் ஆர்எக்ஸ் 6600-உம் சேர்ந்த கணினிக்கு 12 வோல்ட்டில் முழுத் திறனையும் தரும் நேர்மையான 450 வாட் போதும். பெயருக்கு 750 வாட் வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின் மின்கேபிள் இல்லை என்று, டிஸ்க்குகளுக்கான சாட்டா இணைப்பியிலிருந்து மாற்றி எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். சாட்டா மின் இணைப்பியில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 6 பின் இணைப்பிலிருந்து கார்டு 75 வாட் வரை கேட்கலாம். பிளாஸ்டிக் உருகுவதற்கு இந்த வித்தியாசம் போதும். தரமற்ற பவர் சப்ளை வெளிப்படும் விதமும் குழப்பமானது: இணையம் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், விளையாட்டில் கனமான காட்சி வந்ததும் திரை கறுத்து கணினி மறுபடி தொடங்கும். வாங்கியவர் டிரைவரை மாற்றுவார், விண்டோஸை அழித்து ஏற்றுவார், கார்டைக் குறை சொல்வார்.

ரேமில் ஒரே 16 ஜிபி ஸ்டிக்குக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுங்கள். டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் (ஒரே ஸ்டிக்கின் பாதையில்) நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2. கார்டே இல்லாமல், உள்ளமைந்த கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி கொண்டு கட்டும் கணினியில் இந்த ஒரு மாற்றமே விளையாட முடிவதற்கும் முடியாததற்கும் இடையிலான வேறுபாடு. நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் பொருத்த வேண்டும். பிறகு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்கிவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். இல்லையென்றால் 3200 என்று காசு வாங்கிய ரேம் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டியில் 'எம்.2' என்பது வடிவம் மட்டுமே. மெதுவான சாட்டாவா, வேகமான என்விஎம்இ-யா என்பதை எழுதுங்கள். பி450 மதர்போர்டுடன் ரைசன் 5000 வரிசை விற்றால் பயாஸைப் புதுப்பித்துக் கொடுங்கள். பழைய பயாஸில் கணினி உயிர்ப்பதே இல்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய கேபினட்டில் வண்ண விளக்கு ஃபேன் ஆறு வைப்பதைவிட, வலை முகப்புள்ள கேபினட்டில் சாதாரண ஃபேன் மூன்று மேல். 65 வாட் பிராசஸருக்குத் திரவக் குளிர்விப்பான் தேவையில்லை, பெட்டியோடு வரும் கூலரே போதும். அங்கே மிஞ்சும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுங்கள். விளையாட்டுக்கான கணினியில் ஒரே பாகத்துக்கு அதிகப் பங்கு போகவேண்டும் என்றால் அது கார்டுக்குத்தான்.

கணினியை ஒப்படைக்கும் முன் பிராசஸருக்கும் கார்டுக்கும் ஒரே நேரத்தில் அரைமணி நேரம் முழுச் சுமை கொடுத்து, வெப்பநிலையோடு, பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட், ஜிபியு-இசட் மென்பொருள்களின் ஸ்கிரீன்ஷாட்களையும் வாங்குபவரிடம் கொடுங்கள். பாகங்களின் பெட்டிகள், சீரியல் எண்கள், மிஞ்சிய மாடுலர் கேபிள்கள் (பவர் சப்ளையிலிருந்து கழற்றி மாட்டக்கூடியவை) அனைத்தும் அவருடையவை. குறிப்பாக அந்தக் கேபிள்கள். பவர் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் இல்லை. நாளை இன்னொரு ஹார்டு டிஸ்க் சேர்க்க அவர் வேறு நிறுவனக் கேபிளைச் செருகினால், 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் கருகிவிடும்.

இப்படிக்கு,
கணினி பொருத்தியும் பழுதுபார்த்தும் வரும் சிலர்