டேங்க் ஆபரேட்டர் அண்ணனுக்கு நன்றி

எங்கள் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்ட அண்ணன் இந்த மாதத்தோடு விடைபெறுகிறார். பெயர் போட வேண்டாம் என்றார். அவர் வேலையையாவது எழுதுகிறோம்.

30,000 லிட்டர் தொட்டி. 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 120 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை அப்படியே தொட்டிக்குள் கொட்டமாட்டார். பிளாஸ்டிக் வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பவுடரிலுள்ள சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விடுவார். தெளிந்த தண்ணீர் மட்டுமே தொட்டிக்குப் போகும். வண்டலும் சேர்ந்து போனால் வால்வில் படிந்து அடைத்துக்கொள்ளும். கிருமி சாக அரை மணி நேரமாவது வேண்டும். அதன் பிறகுதான் ஊருக்குத் திறப்பார்.

தண்ணீரில் பவுடரின் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்ற சோதனையைத் தொட்டியடியிலேயே முடித்துக்கொள்வது சுலபம். இவர் கடைசித் தெருக் குழாய்வரை போவார். அந்தத் தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டி, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார். அங்கே 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இல்லையென்றால் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அல்லது வழியில் குழாய் உடைந்து அழுக்கு கலந்திருக்கும். பவுடர் மூட்டையை ஈரம் படாமல் பலகைமேல் வாய் கட்டி வைப்பதும் இதற்காகத்தான்.

கேட் வால்வு கசிந்தால் நட்டை மேலும் மேலும் முறுக்கமாட்டார், ஸ்பிண்டில் (வால்வைத் திருகும் தண்டு) தேய்ந்துவிடும். அந்தத் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்டு கயிறையே மாற்றுவார்.

அண்ணே, ரொம்ப நன்றி. புதிதாக வருகிறவருக்குச் சாவியோடு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள்.