2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை: ரயில்வே கேட் கடைவீதியும் சனிக்கிழமைச் சந்தையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடியிருப்போரே, கடைவீதி வியாபாரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின், 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான செயல்பாட்டை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் சான்றுடன் பொருளாளர் தனியே படிப்பார். குடிநீர், தெருவிளக்கு, கொசு மருந்து, கண்காணிப்புக் கேமரா பற்றிய விவரங்கள் உங்கள் கையில் உள்ள அச்சுத்தாளில் இருக்கின்றன. வழக்கமாக இந்த அறிக்கையை நிரப்பும் அவற்றை இம்முறை அங்கேயே விட்டுவிட்டு, ஆண்டின் பெரும்பகுதி நம் நேரத்தையும் பொறுமையையும் வாங்கிய கடைவீதிச் சந்தையைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதி கோருகிறேன்.

கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இல் மின்ரயில் ஓடத் தொடங்கிய பிறகு தண்டவாளத்தின் இருபுறமும் வளர்ந்த குடியிருப்புகளில் நம்முடையதும் ஒன்று. நம் கடைவீதி ரயில்வே கேட்டை நம்பிப் பிறந்தது. கேட் மூடியிருக்கும் நேரமே அதன் வியாபார நேரம். சைக்கிளை ஒரு காலால் தாங்கி நின்றவர் அரைக்கிலோ வெங்காயம் வாங்கினார். கூட்டம் கலையக் காத்திருந்த பெண்கள் பூவும் ரவிக்கைத் துணியும் வாங்கினார்கள். சுரங்கப்பாதை திறந்து, கேட் இருந்த இடத்தில் சுவர் எழும்பியபோது நாம் அனைவரும் மகிழ்ந்தோம், அதில் தவறும் இல்லை. ஆனால் காத்திருப்பு ஒழிந்த அன்றே வீதியின் வருமானமும் ஒழியத் தொடங்கியது என்பதை அன்று யாரும் கணக்கிடவில்லை. வீதி முட்டுச்சந்தானது. 2020இன் ஊரடங்கும் கைப்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடும் மளிகையும் அதற்குப் பிறகு வந்தவையே. ஆகவே எல்லாப் பழியையும் அவற்றின் தலையில் போடுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் வாரச்சந்தைத் தீர்மானம் நிறைவேறியதும், செயற்குழுவினர் நால்வர் ஒரு மாலை வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து கடைகளை எண்ணினோம். 46 கடைகளில் 19 ஷட்டர்கள் இறங்கியிருந்தன. வியாபாரம் இல்லாததால் மூடியவை பாதிதான். மற்றவை பாகப்பிரிவினை வழக்கில் இருப்பவை, அல்லது வாடகைக்கு விட்டால் ஆள் காலி செய்ய மாட்டார் என்ற அச்சத்தில் உரிமையாளரே பூட்டி வைத்தவை. பின்னவர்களிடம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்துவிட்டால் இருதரப்புக்கும் பிடிமானம் கிடைக்கும் என்பதை எடுத்துச் சொன்னோம். இருவர் கேட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

சந்தை என்றதும் முதலில் எதிர்த்தவர்கள், யாருக்காக அதைத் தொடங்க நினைத்தோமோ அந்தக் கடைக்காரர்களே. வாடகை, மின்கட்டணம், தொழில்வரி எல்லாம் கட்டிக்கொண்டு நாங்கள் ஈ ஓட்டும்போது, ஒன்றும் கட்டாதவரைக் கொண்டுவந்து வாசலில் உட்கார வைப்பீர்களா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடத்தை அமைத்த விதத்தால்தான் பின்னர் பதில் கிடைத்தது.

முன்மாதிரிகளாக இரண்டைக் குழு பார்த்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதலில் திறக்கப்பட்ட உழவர் சந்தை, இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே விற்பது, அன்றாட விலையைப் பலகையில் எழுதுவது ஆகிய இரண்டு நல்ல பழக்கங்களை நமக்குக் கொடுத்தது. மற்றொன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள கிரான்பி வீதி. ஒரு காலத்தில் பெயர்பெற்ற கடைவீதியாக இருந்து, 1981இன் கலவரத்துக்குப் பின் வீடுகள் காலியாகி, இடிப்புத் திட்டங்களுக்கு இலக்கான அந்த இடத்தில், எஞ்சியிருந்த சில குடும்பங்கள் தெருவைக் கூட்டின, தொட்டிகளில் செடி வைத்தன, அடைத்துக் கிடந்த சன்னல்களுக்கு வண்ணம் பூசின, மாதம் ஒருமுறை தெருச்சந்தை நடத்தின. 2011இல் அவர்கள், நிலத்தையும் வீடுகளையும் குடியிருப்போரே பொதுவில் வைத்து நிர்வகிக்கும் சமுதாய நில அறக்கட்டளை அமைத்தார்கள். அவர்களோடு வீடுகளைச் சீரமைத்த அசெம்பிள் என்ற குழுவுக்கு 2015இல் டர்னர் கலைப்பரிசு கிடைத்தது. நமக்குப் பரிசு எதுவும் வேண்டாம். ஆனால் அவர்கள் துடைப்பத்திலிருந்து தொடங்கினார்கள் என்ற ஒரு செய்தி நமக்குப் போதுமானதாக இருந்தது. ஜூலை மாதம் முழுவதும் ஞாயிறு காலைகளில் நாமும் அதையே செய்தோம். பூட்டிய ஷட்டர்களுக்கு வண்ணம் பூச உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினோம். ஐவர் இசைந்தார்கள். ஒருவர் மட்டும், வழக்கில் உள்ள சொத்தில் தூரிகை பட்டாலும் ஆக்கிரமிப்பாகும் என்று பதில் எழுதினார். அந்த ஷட்டர் இன்றும் துருவோடு இருக்கிறது.

அனுமதி பெற்ற கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் நம் மனு மூன்று முறை காணாமல் போனது. மூன்று முறையும் நகல் கொடுத்தோம். ஆனால் அந்த அலைச்சலில் நம் தவறு ஒன்று வெளிப்பட்டதை மறைக்க விரும்பவில்லை. வரைபடம் போட்டபோது, சுவரோரம் ஏற்கெனவே பல ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் பூக்கார அம்மாவையும், கீரைக்காரரையும், இரண்டு தள்ளுவண்டிக்காரர்களையும் நாம் குறிக்கவே இல்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை இருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது; நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சொல்கிறது. வீதியை மீட்கிறோம் என்று புறப்பட்ட நாம், வீதியைக் கைவிடாமல் இருந்த நால்வரை மறந்துவிட்டோம். வரைபடத்தைத் திருத்தி, முதல் நான்கு இடங்களை அவர்களுக்கே எழுதினோம். அவர்களிடம் தரைக்கட்டணமும் வாங்குவதில்லை.

ஆவணி முதல் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சந்தை தொடங்கியது. பதினான்கு தரைக்கடைகள். கூட்டம் வந்தது, ஆனால் கடைக்காரர்கள் அஞ்சியதே நடந்தது. தரைக்கடைகளை இருபுறமும் கடைப்படிகளை ஒட்டி வைத்திருந்தோம். வந்தவர்கள் நடுவில் நடந்து, இருபக்கமும் குனிந்து வாங்கி, நிமிர்ந்து பார்க்காமலேயே போய்விட்டார்கள். பாத்திரக்கடைப் படியில் உருளைக்கிழங்கு மூட்டை. நாட்டு மருந்துக்கடை வாசலில் துணிக்கொடி. இரவு ஒன்பது மணிக்குப் பாத்திரக்கடைக்காரர் வந்து, இன்று தமக்குப் போணியே ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, கோபப்படாமல் ஷட்டரை இறக்கினார். அவர் கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

மறுவாரம் சுண்ணாம்புக் கோட்டை மாற்றினோம். தரைக்கடைகளை வீதியின் நடுவில், முதுகோடு முதுகாக இரண்டு வரிசையாக அமர்த்தினோம். கடைப்படிக்கும் தரைக்கடைக்கும் நடுவே ஆறடி நடைவழி, ஒவ்வொரு ஐந்து கடைக்கும் ஒரு குறுக்கு இடைவெளி. இப்போது வருபவருக்கு ஒரு பக்கம் தரைக்கடை, மறுபக்கம் நிலைக்கடை. சுற்றி வராமல் சந்தையை முடிக்க முடியாது. கூடவே, வீதியில் உள்ள நிலைக்கடை விற்கும் பொருளைச் சந்தையில் விற்பதில்லை என்ற விதியையும் எழுதினோம். இந்த ஆண்டில் நாம் செய்தவற்றில் உருப்படியானது எது என்று என்னைக் கேட்டால், அந்த ஆறடி என்பேன்.

நான்காவது சந்தை, செப்டம்பர் 7, விநாயகர் சதுர்த்தியன்றே அமைந்தது நம் நல்வாய்ப்பு. சந்தையைக் காலையிலேயே திறந்தோம். களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, அருகம்புல், காகிதக் குடை ஆகியவை சந்தையில். அரிசி மாவும் வெல்லமும் மளிகைக்கடையில். கொழுக்கட்டைக்குப் புதிய இட்லிச்சட்டி பாத்திரக்கடையில். அன்று பிள்ளையாரின் தொப்புளில் ஒரு ரூபாய்க் காசு அழுத்திக் கொடுக்கும் வழக்கத்தால் வீதியில் சில்லறை தீர்ந்து, உண்டியல் உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் நம் முன்னாள் தலைவரின் பேத்தி. புரட்டாசி பிறந்ததும் கருவாட்டுக்காரர் யாரும் சொல்லாமல் தாமே ஒதுங்கிக்கொண்டு, ஐப்பசியில் திரும்பினார்.

ஐப்பசியில்தான் பழுதுபார்க்கும் வரிசையையும் தொடங்கினோம். மழைக்கு முன் குடைக்கம்பி மாற்றுபவர் ஒருவரை அழைத்ததில் தொடங்கியது; பிறகு சாணை பிடிப்பவர், குக்கர் கைப்பிடியும் மிக்சி ஜார் புஷ்ஷும் மாற்றுபவர், பை ஜிப் தைப்பவர், செருப்புத் தைப்பவர் என ஐவர் ஆனார்கள். பொருளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கால்மணி நேரத்தில் மக்கள் வீதியைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பழைய கேட் செய்த வேலையை இப்போது சாணைக்கல் செய்கிறது. கைப்பேசியில் காய்கறி வாங்கலாம். அரிவாள்மணையைத் தீட்டி வாங்க இன்னும் தெருவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

மார்ச் இறுதிவரை இருந்த 33 சனிக்கிழமைகளில் 31இல் சந்தை கூடியது. தீபாவளிக்கு மறுசனிக்கிழமை பலரும் ஊருக்குப் போயிருந்ததால் நடத்தவில்லை. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் நாள்; சென்னை விமான நிலையமே மூடப்பட்ட அன்று நம் சந்தையைக் கேட்கவே வேண்டாம். இருந்தாலும், செங்கல்பட்டுப் பக்கமிருந்து வரும் உழவர்கள் முந்தைய நாளே அறுத்து வைத்த கீரையும் வெண்டையும் வீணாகாமல் இருக்க, வெள்ளிக்கிழமை பிற்பகலே வீட்டுக்கு வீடு சொல்லி விற்றுக் கொடுத்த மகளிர் சுய உதவிக் குழுவினருக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

ஒழுங்குகள் சிலவற்றைக் குறிப்பிட வேண்டும். மின்னணுத் தராசுகளுக்கு ஆண்டுதோறும் போடவேண்டிய முத்திரை உள்ளதா என்று பார்த்தே இடம் கொடுக்கிறோம். தின்பண்டம் விற்பவர்கள் அனைவரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்றுள்ளார்கள். அதற்கான கட்டணம் மிகச் சிறியதே என்று தெரியாமலேயே பலர் பயந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில் உள்ளது. சந்தையில் அது நூற்றுக்கு நூறு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். மஞ்சப்பை மறந்து வருபவரும் நம்மவர்தானே. கார்த்திகையில் ஒரு தூறல் மாலை, கடையிலிருந்து இழுத்திருந்த விளக்கு வயர் ஒன்று கூரைத் தார்ப்பாயோடு சரிந்து நனைந்த தரையில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அன்றிலிருந்து சார்ஜ் விளக்குகளுக்கு மட்டுமே அனுமதி.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இறங்கியிருந்த 19 ஷட்டர்களில் நான்கு திறந்தன: ஒரு தையற்கடை, ஒரு செக்கு எண்ணெய்க்கடை, ஒரு மாவுக்கடை, சந்தையில் தரைக்கடையாகத் தொடங்கி நிலைக்கடையாக மாறிய ஒரு பொம்மைக்கடை. இவற்றுள் மாவுக்கடை தை மாதத்தில் மீண்டும் மூடிவிட்டது. சனிக்கிழமை கூட்டம் வருகிறது; செவ்வாய்க்கிழமை வீதி பழையபடியே கிடக்கிறது. வாரத்தின் மற்ற ஆறு நாட்களைச் சந்தையால் காப்பாற்ற முடியுமா என்பதில் செயற்குழுவிலேயே இரு கருத்துகள் உள்ளன. நடந்து போவோருக்கு மட்டுமாவது சுவரில் ஒரு வழியோ நடைமேம்பாலமோ கிடைக்காமல் அது நடக்காது என்ற தரப்பில் நான் இருக்கிறேன். இதற்கான மனு ரயில்வே நிர்வாகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.

மாடியில் குடியிருக்கும் ஏழு குடும்பங்களின் குறைகளையும் பதிவு செய்கிறேன். சனிக்கிழமை இரவு இருசக்கர வாகனங்கள் அவர்கள் வாசலை அடைத்துவிடுகின்றன. ஞாயிறு காலை ஏழு மணிவரை குப்பை கிடந்த நாட்களும் உண்டு. தரைக்கட்டணமாக வாங்கும் 50 ரூபாயிலிருந்து இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து இரவே கூட்டச் செய்கிறோம் என்றாலும், வாழை இலையும் கரும்புச் சோகையும் மிகுந்த பொங்கல் சந்தையன்று அது போதவில்லை. அவர்கள் கேட்டதில் தவறில்லை. பட்டாசுக்கடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம் என்ற அவர்களின் இரு கோரிக்கைகளும் இன்று தீர்மானமாக வருகின்றன.

அத்துடன் மூன்றாவது தீர்மானம், தரைக்கடை வியாபாரிகள் இருவரையும் கடைக்காரர்கள் இருவரையும் சந்தைக் குழுவில் வாக்குரிமையோடு சேர்ப்பது. பாத்திரக்கடைக்காரரின் பெயரைச் செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாரந்தோறும் சுண்ணாம்புக் கோடு போடும் பணியை இதுவரை செய்துவந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு முழங்கால் வலி. வரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குக் கயிறும் வாளியும் சங்க அலுவலகத்தில் தயாராக இருக்கும்; கோடு போட வர இயலும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்