கொடைக்கானல் வீட்டில் யாரைத் தங்கவிடுவது?

போர்ட்லண்ட், அமெரிக்கா,
மார்ச் மாதம், ஞாயிறு மதியம்

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேரன் காதுகுத்துப் படங்கள் எல்லாம் பார்த்தேன். அழுகிற படத்தைத்தான் இங்கே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. மழை இன்னும் விட்டபாடில்லை.

கொடைக்கானல் வீட்டை நாள் வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றது நல்ல யோசனை. பூட்டிக் கிடக்கிற வீடு கெட்டுத்தான் போகும். ஆனால் அண்ணன் போட்டிருக்கிற நிபந்தனைப் பட்டியல் இருக்கிறதே! குடும்பத்தோடு வருபவர்கள் மட்டும், சைவம் மட்டும், பேச்சிலர் கூடாது, போனில் கூப்பிட்டு "சொந்த ஊர் எது" என்று கேட்டுக்கொண்டுதான் சாவி. "என் வீடு, யாரை விடுவது என்பது என் இஷ்டம். உங்க ஊர்ல அதுக்குக்கூடச் சட்டமாமே?" என்று நீ வேறு ஒத்து ஊதியிருக்கிறாய். பிள்ளைகள் போன பிறகு எங்கள் பேஸ்மென்ட் அறையை ஏர்பிஎன்பி என்கிற ஆன்லைன் தளத்தில் நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கேள்.

சட்டம் இருக்கிறது. ஆனால் இங்கே எல்லாவற்றையும் சட்டம் ஒரேயடியாகத் தடுத்துவிடவில்லை. 1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தபோது, ஹோட்டலும் மோட்டலும் நிறம், மதம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்றார்கள். செனட்டில் உடனே ஒரு கேள்வி: புருஷன் போன ஒரு கிழவி, பிழைப்புக்காகத் தன் வீட்டில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறாள், அவளையும் கட்டாயப்படுத்துவீர்களா? அந்தக் கற்பனைக் கிழவிக்கு 'மிசஸ் மர்ஃபி' என்று பெயரும் வைத்தார்கள். அவளுக்காகவே, உரிமையாளரே குடியிருக்கும் கட்டடத்தில் வாடகை அறை ஐந்துக்கு மேல் இல்லையென்றால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள். 1968-இல் வீட்டு வாடகைக்கும் விற்பனைக்கும் தனிச் சட்டம் வந்தபோதும், சொந்தக்காரர் குடியிருக்கும் சிறிய கட்டடங்களுக்கு அதே மாதிரி ஒரு விலக்கு. ஆனால் மர்ஃபி அம்மாளும் "இன்னார் மட்டும்" என்று விளம்பரம் போட முடியாது.

அந்தக் கிழவி மேல் எனக்கும் இரக்கம்தான். ஒரே சமையலறை, ஒரே குளியலறை, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் எதிரில் ஒரு அந்நியன். பயம் வராதா? ஹோஸ்டும் (வீட்டை வாடகைக்கு விடுகிறவர்) விருந்தினரும் ஒரே வீட்டில் புழங்குகிற இடங்களில், பெண் ஹோஸ்ட் பெண்களுக்கு மட்டும் அறை கொடுக்கலாம் என்று ஏர்பிஎன்பியின் விதிகளே அனுமதிக்கின்றன. அது நியாயம். ஆனால் இன்று மர்ஃபி அம்மாள் பெயரைச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் யார் தெரியுமா? நாலைந்து வீடுகளை வாங்கிப் போட்டு, வாசலில் நம்பர் பூட்டு மாட்டி, விருந்தினர் முகத்தையே பார்க்காதவர்கள். நீங்கள் மதுரையில் இருந்துகொண்டு கொடைக்கானல் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கப் போகிறவர்கள். நீயும் மர்ஃபி அம்மாள் இல்லை, சாந்தி.

இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 ஹோஸ்ட்களுக்கு அறை கேட்டுச் செய்தி அனுப்பினார்கள். எல்லாம் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் வைத்துக் கேட்டால் பாதிப் பேர் சரி என்றார்கள். கறுப்பினத்தவர் வைத்துக்கொள்கிற பெயரில் கேட்டால் 42 சதவீதம்தான். எனக்கு இதில் உறைத்தது அடுத்த விஷயம். வீட்டைப் பகிர்ந்துகொள்கிறவர்களும் முழு வீட்டையும் விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கிறவர்களும் கறுப்பினப் பெயர்களைக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் "என் சமையலறையில் அந்நியனா" என்கிற பயம் காரணமில்லை, பெயர்தான் காரணம்.

2016-இல் இது பெரிய சத்தமாகக் கிளம்பியது. ஒரு கறுப்பின இளைஞர் தன் பெயரில் கேட்டபோது கிடைக்காத அறை, வெள்ளையர் படத்தோடு ஒரு பொய் ப்ரொஃபைல் போட்டுக் கேட்டதும் கிடைத்தது என்று வாஷிங்டனில் வழக்குப் போட்டார். கணக்குத் திறக்கும்போது நாம் படிக்காமலே 'சம்மதம்' அழுத்துவோமே, அதில் கோர்ட்டுக்குப் போகமாட்டேன் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. கோர்ட்டு அதைக் காட்டி, மத்தியஸ்தத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டது. அடுத்த வருடம் கலிஃபோர்னியாவில் பிக் பேர் மலையில் நடந்தது நம்மையே தொடுகிறது. பனிப்புயலில் வந்துகொண்டிருந்த ஒரு கொரிய வம்சத்துப் பெண்ணுக்குக் கடைசி நிமிடத்தில் அறையை ரத்து செய்த ஹோஸ்ட், 'ஏசியன்' என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாக எழுதி அனுப்பினார். 5,000 டாலர் கட்ட வேண்டி வந்தது, ஆசிய அமெரிக்கர்களைப் பற்றிய ஒரு பாடத்திலும் சேர வேண்டி வந்தது. அபராதத்தைவிட அந்தப் பாடம்தான் எனக்குப் பிடித்தது.

பிறகு ஏர்பிஎன்பி கம்பெனி வழிக்கு வந்தது. புக்கிங் உறுதியாகும்வரை விருந்தினரின் படத்தை ஹோஸ்டுக்குக் காட்டுவதில்லை என்று 2018-இல் அறிவித்தார்கள். எங்கள் ஓரிகன் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே. போர்ட்லண்ட் பக்கத்துக் கறுப்பினப் பெண்கள் மூவர் வழக்குப் போட்டு 2019-இல் சமரசமானதன் விளைவாக, 2022 ஜனவரி 31 முதல், ஓரிகன்வாசி அறை கேட்டால் உறுதிசெய்யும்வரை ஹோஸ்டுக்குப் பெயரைக் காட்டாமல் முதலெழுத்தை மட்டும் காட்டத் தொடங்கினார்கள். இவர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரி இனிஷியலா வருது" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது செங்கல்பட்டு. 1929-இல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டவர்கள் நாம். அமெரிக்கக்காரர்கள் இப்போது கம்ப்யூட்டரை வைத்துச் செய்வதை நம்மவர்கள் எப்போதோ பேனாவால் செய்துவிட்டார்கள். பட்டம் போனதால் பெரிய நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதானே "சொந்த ஊர் எது", "அங்கே எந்தத் தெரு", "குலதெய்வம் எது" எல்லாம் வந்தது? அண்ணன் போனில் கேட்கப்போவதும் அதுதான். அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சொல்லவில்லை. நம் வாயில் அது தானாக வருகிறது.

'சைவம் மட்டும்' என்பதைப் பற்றித்தான் உன்னோடு அதிகம் சண்டை போட வேண்டும். மதுரையில் டு-லெட் பலகையில் அதைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. அது சாப்பாட்டைப் பற்றிய வரி மாதிரிதான் இருக்கும், ஆனால் சல்லடை போடுவது ஆளை. உன் சமையலறையில் கறி சமைக்கக் கூடாதா, அப்படியே எழுது: "இங்கே அசைவம் சமைக்க வேண்டாம்." பிரியாணியை வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிற எவரும் அதற்குச் சம்மதிப்பார். 'சைவர்கள் மட்டும்' என்றால் அவர் நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டார் என்றல்லவா கேட்கிறாய்? பேச்சிலருக்கும் இதே கணக்குத்தான். சத்தம் பயமா, ராத்திரி பத்துக்கு மேல் பாட்டு கூடாது, ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்று எழுது. குடும்பமாக வருகிறவர்கள் சத்தம் போடமாட்டார்கள் என்று யார் சொன்னது? உன் மச்சினர் குடும்பம் போதும்.

எங்கள் அறைக்கு இறங்கச் செங்குத்தான படிகள். அதைப் படத்தோடு போட்டிருக்கிறேன். சக்கர நாற்காலியில் வருபவர் பார்த்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும். "உங்களுக்குச் சரிப்படாது" என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஹோஸ்டின் பயம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். 2019 ஹாலோவீன் ராத்திரி ஒரிண்டா என்கிற ஊரில் வாடகை வீட்டில் நடந்த பார்ட்டியில் துப்பாக்கிச் சூடு, ஐந்து பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஏர்பிஎன்பி பார்ட்டிக்கே தடை போட்டது. ஆனால் அந்த மாதிரி ஆளைப் பெயரோ நிறமோ காட்டிக்கொடுக்காது. பழைய ரிவ்யூ காட்டும். இன்னொரு ஆய்வில், விருந்தினர் பற்றி ஒரே ஒரு நல்ல ரிவ்யூ இருந்தாலே இரண்டு வகைப் பெயருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இடம் கிடைத்திருக்கிறது. ரிவ்யூ இல்லாத புது ஆளிடம் எத்தனை பேர், எதற்காக வருகிறீர்கள் என்று நான் கேட்பேன். எல்லோரிடமும் அதே கேள்வி, அதே வார்த்தைகளில், காப்பி பண்ணி வைத்திருக்கிறேன். பெயரை மறைத்ததால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதே. 2021-இல் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் என்று தோன்றுபவர்களுக்கு 91.4 சதவீதமும் வெள்ளையர்களுக்கு 94.1 சதவீதமும் புக்கிங் கைகூடியது என்று கம்பெனியே கணக்குக் கொடுத்திருக்கிறது.

உங்கள் பக்கம் பெயரை மறைக்கிற பேச்சுக்கே இடமில்லை. அடையாள அட்டை வாங்கித்தான் ஆக வேண்டும், வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் வேறு கொடுக்க வேண்டும். ஹோட்டலில் மதம், சாதி, பிறந்த இடம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள். கல்யாணமாகாத ஜோடிக்கு அறை கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை என்று 2019-இல் கோயம்புத்தூர் விடுதி வழக்கில் மெட்ராஸ் ஹைகோர்ட்டும் சொல்லிவிட்டது. அண்ணனிடம் இதை மெதுவாகச் சொல், சாப்பிட்டு முடித்த பிறகு.

ஹாஸ்டலில் வார்டன் நம் இருவரையும் கேட்டா ஒரே அறையில் போட்டாள்? முதல் வாரம் நீ என்னோடு பேசவே இல்லை.

அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு, வீட்டு விதிகளைப் புதிதாக எழுதி அனுப்பு. நான் திருத்தித் தருகிறேன். கீசர் எப்படிப் போடுவது, குப்பை எங்கே போடுவது, குரங்கு வந்தால் ஜன்னலை மூடுவது, இதையெல்லாம் மறக்காமல் சேர்த்துக்கொள். வருகிறவர்கள் கேட்பது அதைத்தான். டிசம்பரில் நாங்கள் வருகிறோம், ஒரு வாரம் எங்களுக்கு ஒதுக்கி வை. வாடகை கொடுப்போம். இவர் ஆம்லெட் போடுவார், இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மீனா