வெள்ளைப் பட்டையின் அகலமும் காரின் ஆண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சொகுசுக் கார்களைச் சீரமைப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். என்ஜின், பெயின்ட், இருக்கைத் தோல் ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், டயர் என்று வந்ததும், பக்கச்சுவரைச் சுற்றி அகலமான வெள்ளைப் பட்டை கொண்ட டயரைப் போட்டால் அந்தக் காலத்துத் தோற்றம் தானாக வந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை நம்பி ஒருவர் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களை வாங்கிவிட்டால் பணமும் வீண், காரின் தோற்றமும் பிழையாகிவிடும்.

வெள்ளைப் பட்டை எல்லாக் காலத்திலும் ஒரே அகலத்தில் இருந்ததில்லை. தொடக்க காலத்து டயர்கள் முழுவதுமே வெளிர் நிறத்தில்தான் வந்தன. தேய்மானத்தைத் தாங்குவதற்காகத் தரையில் படும் பகுதியில் மட்டும் கார்பன் கறுப்பு என்னும் நுண்ணிய கரித்தூளைக் கலக்கத் தொடங்கியபோது, பக்கச்சுவர் வெளுப்பாகவே நின்றுவிட்டது. பிற்பாடு அதுவே ஆடம்பரத்தின் அடையாளமாயிற்று. 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் 16 அங்குல வீல்களில் வந்த பட்டை 3 அங்குலத்துக்கு மேலும் இருந்தது. ஏறத்தாழ ரிம்மின் விளிம்பிலிருந்தே வெள்ளை தொடங்கிவிடும். 1950களின் நடுவில் அது சுமார் இரண்டரை அங்குலமாகச் சுருங்கியது. 1957-ல் வந்த கேடிலாக் எல்டொராடோ புரோஹாமில் 1 அங்குலப் பட்டை ரிம்மை விட்டு விலகி நின்றது. அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கறுப்பு. 1962 மாடல்களில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய அனைவரும் இந்தக் குறுகிய பட்டைக்கு மாறிவிட்டார்கள். ஆகவே 1964 லிங்கன் கான்டினென்டலில் 1955-க்குரிய அகலப் பட்டையைப் போடும்போது, நேர்கோடுகளாலேயே அழகு பெற்ற அந்தக் காரில் பார்ப்பவர் கண் வீல்களிலேயே போய் நின்றுவிடுகிறது. அதை நன்றாகச் சீரமைத்தவரின் உழைப்பெல்லாம் பின்னுக்குப் போய்விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வெள்ளைப் பட்டையே இல்லாமலிருப்பதுதான் சரி என்ற நிலையும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த உடனடி ஆண்டுகளில் வெள்ளைப் பட்டை டயர் கிடைப்பதே அரிதாக இருந்ததால், 1946 மாடல் கார்கள் பெரும்பாலும் கறுப்பு டயருடனேயே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. மற்ற ஆண்டுகளிலும் அது பெரும்பாலும் கூடுதல் விலை கொடுத்துப் பெறும் வசதியாகவே இருந்தது. விற்பனைக் கையேட்டில் ஓவியர் வரைந்த படத்தை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்பேன். விற்பதற்காக வரைந்த படத்தில் எல்லாக் காருக்கும் வெள்ளைப் பட்டை இருக்கும். அந்தக் காலத்தில் தெருவில் எடுத்த புகைப்படங்களும், அந்தக் குறிப்பிட்ட காருக்கான தொழிற்சாலைப் பதிவு கிடைத்தால் அதுவும்தான் நம்பத் தகுந்தவை.

அளவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுடுக்குரிய அளவு 8.20-15. இதில் முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாவது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. பக்கச்சுவரின் உயரம் தனியாகக் குறிப்பிடப்படுவதில்லை, ஆனால் அது இன்றைய டயர்களைவிட நன்றாக உயர்ந்தே இருக்கும். ரிம் பொருந்துகிறது என்பதற்காக, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதமே உள்ள ‘70 தொடர்’ ரேடியலைப் போட்டால் வீலின் மொத்த விட்டம் குறைந்து, கார் தாழ்ந்து நிற்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே வெற்றிடம் தெரியும். ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிட அதிக வேகத்தைக் காட்டும். இவ்வகைக் கார்கள் பல 2 டன்னையும் தாண்டுபவை என்பதால் டயரின் சுமைத் திறனையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகையான பயஸ் டயரா, அவை நேர்க்குறுக்காக ஓடும் இன்றைய வகையான ரேடியலா என்பதில் என் கருத்து இது: போட்டிக் கண்காட்சிக்குப் போகும் காருக்கு அதன் காலத்து பயஸ் டயர், நெடுந்தூரம் ஓடும் காருக்கு, பழைய உயரத்திலேயே வார்க்கப்பட்ட ரேடியல். பயஸ் டயர் சாலையின் பள்ளக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இழுக்கும், நெடுநாள் நிறுத்திவைத்தால் அடிப்பகுதி தட்டையாகிவிடும். ரேடியலுக்கும் சிக்கல் உண்டு. பயஸ் டயருக்காகச் செய்த பழைய ரிம் அதன் விசையில் வளைந்துகொடுப்பதால், ஹப்கேப் மெல்ல நகர்ந்து வால்வுத் தண்டை அறுத்துவிடக் கூடும். இரண்டையும் ஒரே காரில் கலந்து போடவே கூடாது. 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3 போன்ற காருக்கு இந்தக் கேள்வியே எழாது, ஏனெனில் அது தொழிற்சாலையிலிருந்தே மிஷ்லின் ரேடியலுடன் வந்தது.

செலவைக் குறைக்க எண்ணிச் சிலர் கறுப்பு டயரின் மேல் வெள்ளை வளையத்தைச் செருகுகிறார்கள், அல்லது பெயின்ட் பூசுகிறார்கள். பக்கச்சுவர் ஓட்டத்தில் ஓயாமல் மடங்கி நிமிர்வதால் பெயின்ட் வெடிக்கும். வளையமோ மண்ணையும் நீரையும் உள்ளே வாங்கி ரப்பரை உராய்ந்து தின்னும். முறையான டயரில் வெள்ளை ரப்பர் கறுப்போடு சேர்த்தே வேகவைக்கப்படுகிறது. அதன் மேலிருக்கும் மெல்லிய கறுப்புத் தோலைப் பிறகு சாணை பிடித்து நீக்கும்போதுதான் பட்டை வெளியே தெரிகிறது. புதிய டயரில் அந்தப் பட்டையின் மேல் நீல நிறப் பாதுகாப்புப் பூச்சு இருக்கும். மாட்டியவுடன் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பிரஷும் கொண்டு அதைக் கழுவிவிட வேண்டும். பெட்ரோலைத் தொட்டுத் துடைக்கக் கூடாது.

பழைய இருப்பில் கிடக்கும் டயர் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும், பக்கச்சுவரில் பொறித்த தயாரிப்புக் குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2000-க்குப் பின் வந்தவற்றில் முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 1419 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம்.

இனி இத்தகைய கார்களின் படங்களை வெளியிடும்போது, காரின் ஆண்டுடன் டயரின் அளவையும் பட்டையின் அகலத்தையும், அவை அந்த ஆண்டுக்குரியவைதாமா என்பதையும் படவிளக்கத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1962-ஐ ஒட்டிய மாற்றத்தைப் படங்களுடன் விளக்கித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்