வியாழக்கிழமை ஆபரேஷன்

கண்ணு,

பேனா பிடித்தால் எழுத்து கோணுகிறது, அதனால் போனில் பேசிப் பேசி எழுதுகிறேன், உன் தங்கச்சிதான் சொல்லிக்கொடுத்தாள். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை சரியில்லை. மற்றபடி ஒன்றுமில்லை.

அம்மா என்ன சொன்னாளோ. கழுத்தில் 7 எலும்பு, அதில் 5க்கும் 6க்கும் நடுவில் ஜவ்வு பிதுங்கி, எலும்பும் தடித்து, தண்டுவடம் போகிற வழி குறுகிவிட்டதாம். எம்ஆர்ஐ படத்தில் நரம்பு நசுங்கின இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வலியே இல்லையே என்றேன். வலித்திருந்தால் முன்னாடியே வந்திருப்பீங்க என்றார். சட்டைப் பட்டன் யார் போட்டுவிடுகிறார்கள் என்று கேட்டார். ஒரு வருஷமாக அம்மாதான்.

தொண்டைப் பக்கமாகத் திறந்து ஜவ்வை எடுத்துவிட்டு, இடையில் ஒரு துண்டு வைத்து, தகடு போட்டுத் திருகுவார்களாம். கொஞ்ச நாள் குரல் கரகரக்கும், முழுங்கவும் சிரமமாக இருக்கலாம். இனி மோசமாகாமல் தடுக்கத்தான் இது, போன பலம் முழுசாகத் திரும்பும் என்று நினைக்காதீங்க என்றும் சொல்லிவிட்டார். நீ சலூனில் கழுத்தைச் சொடுக்க விடாதே. விளையாட்டில்லை, விடாதே.

இன்சூரன்ஸ் அட்டை இருக்கிறது, போர் போட்ட பணத்தை நான் இதில் இழுக்கவில்லை. நீ லீவு போட்டு வர வேண்டாம். கோயமுத்தூரில் என் பையன் இன்ஜினியர் என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அந்த இன்ஜினியருக்கு அப்பனிடம் பேசத்தான் நேரமில்லை. சரி, விடு.

ஒன்று சொல்லணும். குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார் டாக்டர். நாலாவது அடியில் சுவரைப் பிடித்தேன். தாத்தா கடைசியில் நடந்ததும் இப்படித்தான், காலை அகட்டி அகட்டி, டம்ளரை நழுவவிட்டு. பொழுது சாயும் முன்னே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று தெருவே கேட்கத் திட்டினேன், நீயும் திண்ணையில் இருந்தாய். குடிக்கலை சாமி என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார், விரல் சேரவில்லை. அதையும் போதை என்றுதான் நினைத்தேன். ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. அவருக்கு இருந்தது இதுதானா என்று இனி எந்த டாக்டரிடம் கேட்பது?

சலூன் விஷயம் மறக்காதே. வியாழக்கிழமை காலை 7 மணிக்கு உள்ளே எடுத்துக்கொள்வார்கள். ராத்திரியில் மட்டும் கிளம்பாதே, திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதே.

அப்பா